நெறி கட்டிவிட்டதென்று கதவைச் சாத்தாதீர்கள்



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் தேக்காவுக்குப் போயிருந்தேன். ஞாயிறு மாலையில் சிராங்கூன் ரோடு எப்படியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நம் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இன்று அங்கேதானே பிழைக்கிறார்கள்! தேக்கா சந்தையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். ஜொகூர் தோட்டத்தில் வளர்ந்த பையன். நான் டிரசராக இருந்த காலத்தில் காலில் முள் குத்தி என்னிடம் மருந்து கட்டிக்கொண்டவன். இப்போது சிங்கப்பூரில் லாரி ஓட்டுகிறான். கைபேசியில் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டினான்.

"மாமா, அப்பாவுக்கு நுரையீரல்ல புத்துநோயாம். நெஞ்சுல நெறிக்கட்டி வரைக்கும் பரவிருச்சாம். இனிமே என்ன செஞ்சு என்ன? வீட்டுலயே வச்சு வேணுங்கிறத ஆக்கிப் போடலாம்னு அம்மா சொல்றாங்க. அப்பாகிட்ட இன்னும் சொல்லல. சளின்னு சொல்லி வச்சிருக்கோம்."

"இனி ஒன்றும் செய்ய முடியாதென்று எந்த டாக்டர் சொன்னார்?"

"டாக்டரு சொல்லல. அக்கம்பக்கத்துல சொன்னாங்க."

ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். வலது நுரையீரலில் ஒரு கட்டி, புற்றுநோயாக இருக்கலாம். மூச்சுக்குழாய் ஓரத்தில் நெறிகள் வீங்கியிருக்கின்றன, பரவியிருக்கலாம், மேற்கொண்டு சோதிக்கவும் என்று எழுதியிருந்தது. "இருக்கலாம்" என்று டாக்டர் எழுதியது, லயத்து வாசலுக்கு வந்து சேர்வதற்குள் "பரவிருச்சு" ஆகிவிட்டது! ஒரு மனிதரின் உயிரை இப்படி அக்கம்பக்கத்துப் பேச்சை வைத்துத் தீர்மானிக்கலாமா? அதைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறேன்.

முதலில் நெறி என்றால் என்ன? நமக்குத் தெரியாத சங்கதி அல்ல. பால் வெட்டப் போகிற இடத்தில் காலில் குச்சி கிழித்துப் புண்ணானால் இரண்டு நாளில் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதல்லவா? அதேதான். உடம்பில் இரத்தக் குழாய்களைப் போலவே தெளிந்த நீர் ஓடும் நுண்ணிய வாய்க்கால்களும் இருக்கின்றன. அந்த நீரை நிணநீர் என்கிறோம். வாய்க்கால் நெடுகிலும் அவரைக் கொட்டை அளவில் வடிகட்டிகள் இருக்கின்றன. காலில் புகுந்த கிருமியை இடுக்கில் உள்ள வடிகட்டி பிடிக்கிறது, வீங்குகிறது. நுரையீரலுக்கும் இப்படி வடிகட்டிகள் உண்டு. சில நுரையீரலின் வேர்ப் பகுதியில், சில நடு நெஞ்சில் மூச்சுக்குழாயை ஒட்டி, சில காறை எலும்புக்கு மேலே. நுரையீரலில் தோன்றிய புற்று நகரத் தொடங்கினால் பெரும்பாலும் முதலில் சிக்குவது இவற்றில்தான்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். நெறியிலேயே பிறக்கிற புற்றுநோய் ஒன்று உண்டு, லிம்ஃபோமா என்பார்கள். லீ சியன் லூங் துணைப் பிரதமராக இருந்தபோது 1992இல் அவருக்கு வந்தது அது. கீமோ மருந்தில் குணமாகி 2004இல் பிரதமரும் ஆனார். நுரையீரலில் பிறந்து நெறிக்கு வருவது வேறு நோய், அதற்கு மருந்தும் வேறு. ஒன்றின் கதையை வைத்து மற்றதற்கு ஆறுதலும் சொல்லக்கூடாது, பயமும் காட்டக்கூடாது.

சரி, நெறி வீங்கியிருந்தால் புற்றுதானா? இல்லை! சளிக்காய்ச்சலில் வீங்கும், பழைய காசநோயில் வீங்கும். நம் நாட்டில் காசநோய் இன்னும் ஒழிந்தபாடில்லை. தேக்காவிலிருந்து சற்றுத் தள்ளி மொல்மீன் சாலையில் இருக்கிற டான் டாக் செங் மருத்துவமனையை நம் பெரியவர்கள் இன்றும் டி.பி. ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். 1844இல் ஏழைகளுக்கென்று தொடங்கப்பட்டு, பிறகு சிராங்கூன் சாலைப் பக்கம் இருந்து, 1909இல் மொல்மீன் சாலைக்கு வந்த ஆஸ்பத்திரி அது. ஒரு காலத்தில் அங்கே அனுப்பினால் திரும்பி வரமாட்டான் என்று பேசிக்கொள்வார்கள். காசநோய் இன்று மாத்திரையில் தீர்கிற நோய்.

காசநோய் வந்துபோன நெறி சி.டி. ஸ்கேனில் பெரிதாகத் தெரியும். சர்க்கரை மருந்து ஏற்றி எடுக்கிற பெட் ஸ்கேனில் புற்றைப் போலவே பளிச்சென்று ஒளிரவும் செய்யும். ஆகவே படத்தை மட்டும் பார்த்து "பரவிவிட்டது" என்று முடிவு கட்டக்கூடாது. நெறியிலிருந்து சதை எடுத்துப் பார்க்க வேண்டும். இன்று அதற்கு நெஞ்சைக் கிழிக்க வேண்டியதில்லை. நுனியில் ஸ்கேன் பொருத்திய மெல்லிய குழாயை வாய் வழியே மூச்சுக்குழாய்க்குள் விட்டு, திரையில் பார்த்துக்கொண்டே ஊசியால் நெறியில் குத்தித் துணுக்கு எடுக்கிறார்கள். ஈபஸ் என்று பெயர். மயக்க மருந்து கொடுத்துச் செய்வார்கள். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்.

"கத்தி பட்டா, காத்து பட்டா புத்து பரவிரும்" என்று நம்மவர்கள் சொல்வார்கள். இந்த ஒரு பேச்சு எத்தனை பேரை ஆஸ்பத்திரி வாசலிலிருந்து திருப்பி அனுப்பியிருக்கிறது தெரியுமா? காற்று பட்டுப் புற்று பரவாது. அந்தக் காலத்தில் நோய் முற்றிய பிறகுதான் ஆளைக் கொண்டுபோவார்கள். வயிற்றையோ நெஞ்சையோ திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் செய்ய முடியாமல் மூடிவிடுவார்கள். ஆள் கொஞ்ச நாளில் போய்விடுவார். பழி கத்தி மேல் விழுந்தது. அவ்வளவுதான் விஷயம்.

ஊசி எடுத்து நெறியிலும் புற்று இருப்பது உறுதியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: "எந்த நெறி, ஐயா?" இதைக் கேட்காமல் வெளியே வராதீர்கள். நுரையீரலுக்குள்ளேயோ அதன் வேரிலேயோ உள்ள நெறி என்றால் அது அருகில் உள்ளது. அதே பக்கத்து நடு நெஞ்சு நெறி என்றால் இன்னும் ஒரு படி தள்ளி. எதிர்ப்பக்கத்து நெஞ்சு நெறி, அல்லது காறை எலும்புக்கு மேலுள்ள நெறி என்றால் அதற்கும் அடுத்த படி. ஒரே இடத்து நெறியா, பல இடத்து நெறிகளா என்றும் பார்ப்பார்கள். 2025இல் நடைமுறைக்கு வந்த புதிய அட்டவணையில் இதைத் தனியாகவே பிரித்துவிட்டார்கள்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இந்த மூன்று படியும் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் கட்டத்தில் அடங்குபவை. மூளை, எலும்பு, கல்லீரல், மறு நுரையீரல் என்று போய்விட்டால்தான் நான்காம் கட்டம். இரண்டாம், மூன்றாம் கட்டத்தில் டாக்டர்கள் முயற்சி செய்வது நோயைத் தீர்க்கவே. மலேசியாவில் நுரையீரல் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுகிறவர்களில் 100க்கு 90 பேருக்கு மேல் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் வந்து சேர்கிறார்கள் என்று நாட்டின் புற்றுநோய்ப் பதிவேடு சொல்கிறது. மூன்றாம் கட்டத்துக்காரரை நான்காம் கட்டம் என்று நினைத்து வீட்டில் படுக்க வைத்துவிட்டால், அவருக்கு இருந்த வழியை நாமே அடைத்துவிட்டோம் என்றுதான் பொருள்.

வைத்தியம் என்ன? அருகில் உள்ள நெறி மட்டும் என்றால், உடம்பு தாங்குமானால், ஆபரேஷன் செய்து கட்டியோடு நுரையீரலின் அந்தப் பகுதியையும் நெறிகளையும் எடுத்துவிடுவார்கள். முன்போ பின்போ கீமோ மருந்து ஏற்றுவார்கள். நடு நெஞ்சில் ஓரிரு நெறிகள் என்றால், கீமோவோடு உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுகிற மருந்தையும் முதலில் கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, பிறகு ஆபரேஷன் செய்கிற முறை சில ஆண்டுகளாக வந்திருக்கிறது. எல்லோருக்கும் பொருந்தாது. மூச்சு எவ்வளவு இழுக்க முடிகிறது, இதயம் எப்படியிருக்கிறது என்று பார்த்துத்தான் சொல்வார்கள்.

நெறிகள் பல இடத்தில் என்றால் ஆபரேஷன் பயன்படாது. "ஆபரேஷன் முடியாதாம்" என்ற சொல்லைக் கேட்டதும் நம் தாய்மார்கள் ஒப்பாரி வைத்துவிடுகிறார்கள். ஆபரேஷன் முடியாது என்பதற்கு வைத்தியம் இல்லை என்று அர்த்தமில்லை! கீமோவும் கதிர் சிகிச்சையும் சேர்த்துக் கொடுப்பார்கள். நம்மவர்கள் "கரண்டு வைக்கிறது" என்பார்கள். அது கரண்டு அல்ல, கதிர். வாரத்துக்கு ஐந்து நாள், ஏறக்குறைய ஆறு வாரம். ஒரு தடவைக்குச் சில நிமிடம்தான், வலிக்காது. ஆனால் மூன்றாம் நான்காம் வாரத்தில் விழுங்கும்போது தொண்டையும் நெஞ்சும் எரியும், உடம்பு அசந்து போகும். அங்கேதான் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள், எரிச்சலுக்கு மருந்து கேளுங்கள். முடிந்து சில வாரம், சில மாதம் கழித்து வறட்டு இருமலும் மூச்சு வாங்கலும் வந்தால் சளி என்று இருந்துவிடாமல் அதே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கதிர் பட்ட நுரையீரல் அழன்றிருக்கலாம்.

இந்த ஆறு வாரத்துக்குப் பிறகு நோய் வளராமல் நிற்கிறவர்களுக்கு துர்வாலுமாப் என்ற எதிர்ப்புச் சக்தி மருந்தை ஓராண்டு ஏற்றுவது 2017இல் வெளியான ஓர் உலகளாவிய ஆய்வுக்குப் பின் வழக்கத்துக்கு வந்தது. அந்த ஆய்வில் மருந்து ஏற்றிக்கொண்டவர்களில் ஐந்தாண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 100க்கு 43 பேர். ஏற்றாதவர்களில் 33 பேர். மாயாஜாலம் ஒன்றுமில்லை, பாதிக்கு மேல் இழக்கத்தான் செய்கிறோம். ஆனால் "இனிமே என்ன செஞ்சு என்ன" என்று வீட்டுக்குத் தூக்கிப் போகிற நோயா இது? நீங்களே சொல்லுங்கள்.

சின்னச் செல் வகை என்று ஒன்று உண்டு. பெரும்பாலும் புகை பிடித்தவர்களுக்கு வருவது, மிக வேகமாகப் பரவும், கத்திக்கு அநேகமாக வேலை இல்லை. நெஞ்சுக்குள் அடங்கியிருந்தால் அதற்கும் கீமோவும் கதிரும் உண்டு. ஆனால் இங்கே ஒரு வாரம்கூட வீணாக்கக் கூடாது.

அந்தத் தம்பி இடையில் கேட்டான்: "அப்பா ரோக்கோ விட்டு இருபது வருசமாச்சே மாமா, எப்படி வந்துச்சு?" விட்டது நல்லது, ஆபத்து குறையும், முழுதாகப் போய்விடாது. ஆனால் இன்னொன்றும் உண்டு. புகையே பிடிக்காதவர்களுக்கும் இந்த நோய் வருகிறது. சிங்கப்பூர் தேசியப் புற்றுநோய் நிலைய டாக்டர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில் நுரையீரல் புற்றுநோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் புகை பிடிக்காதவர், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இப்படி எண்ணிப் பார்க்கிற பழக்கத்துக்கு அந்த ஊரில் அடிபோட்டவர் ஒரு தமிழர் என்பது நமக்குப் பெருமை. பேராசிரியர் கனகரத்தினம் சண்முகரத்தினம், இன்றைய சிங்கப்பூர் அதிபர் தர்மனின் தந்தை, சிங்கப்பூர்ப் புற்றுநோய்ப் பதிவகத்தைத் தொடங்கினார். 2018இல் மறைந்தார். அந்தப் பதிவகத்தின் கணக்கில் இந்திய ஆண்களுக்கு இந்நோய் சீனர், மலாய்க்காரரைவிடக் குறைவாகவே காணப்படுகிறது. குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமல்ல. நம் ஆட்கள் அதைக் கேட்டு அசட்டையாகிவிடக் கூடாதே என்பது என் கவலை.

புகை பிடிக்காதவர்களுக்கு வருகிற இந்த வகையில்தான் ஒரு நல்ல செய்தி ஒளிந்திருக்கிறது. புற்றின் மரபணுவில் சில குறிப்பிட்ட மாற்றங்கள் இருக்கும். அதிகம் காணப்படுவது இ.ஜி.எஃப்.ஆர். என்ற மாற்றம். அடினோகார்சினோமா என்ற வகையில் ஆசிய நாடுகள் பலவற்றில் சேர்த்துப் பார்த்ததில் பாதிப் பேருக்கு இருந்தது. இந்தியாவில் 100க்கு 22 பேருக்கு. இது 2014இல் வெளியான கணக்கு. இருந்தால் அதற்கென்றே மாத்திரை உண்டு. ஓசிமெர்டினிப் என்பது அவற்றில் ஒன்று. இரண்டாம் கட்டத்திலும் மூன்றாம் கட்டத்தின் முற்பகுதியிலும் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில், பிறகு மூன்றாண்டு இந்த மாத்திரை சாப்பிட்டவர்கள் ஐந்தாண்டு கழித்து 100க்கு 85 பேர் இருந்தார்கள். சாப்பிடாதவர்கள் 73 பேர். ஆபரேஷன் செய்ய முடியாமல் கீமோவும் கதிரும் முடித்தவர்களை 2024இல் வெளியான ஆய்வில் பார்த்தார்கள். மாத்திரை இல்லாதவர்களில் பாதிப் பேருக்கு ஆறு மாதத்துக்குள் நோய் மறுபடி தலைதூக்கியது. மாத்திரை சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்கு 39 மாதம் வரை அடங்கிக் கிடந்தது.

ஆகவே ஊசி எடுக்கும்போதே "மரபணுச் சோதனைக்கும் போதுமான சதை எடுங்கள்" என்று கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். இந்த மாற்றம் உள்ளவர்களுக்கு நான் முன்னே சொன்ன எதிர்ப்புச் சக்தி மருந்து அவ்வளவாகப் பயன் தருவதில்லை. அதை ஏற்றிவிட்டு உடனே இந்த மாத்திரைக்கு மாறினால் நுரையீரல் அழற்சி ஆபத்தும் கூடுகிறது. சோதனை முடிவு கையில் இல்லாமல் அவசரப்படுவதில் இப்படியும் ஒரு கெடுதல்.

இனி என் மனத்தை உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். நோயாளியிடம் மறைப்பது! "சொன்னா தாங்கமாட்டாரு" என்கிறார்கள். நாற்பது வருடம் விடியற்காலை பெரட்டுக்கு எழுந்து, மழையிலும் வெயிலிலும் நின்று, பிள்ளைகளைக் கரையேற்றிய மனிதர் இதைத் தாங்கமாட்டாரா? சளி என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர் ஆறு வாரம் தினமும் ஆஸ்பத்திரிக்கு ஏன் போக வேண்டும்? தொண்டை எரிந்ததும் "போதும்பா சளி வைத்தியம்" என்று நிறுத்திவிடுவார். அவர் மேல் தப்பே இல்லை. தவிர அது அவருடைய உடம்பு. சம்பள ஒப்பந்தம் பேசும்போது நம்மைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டால் சும்மா இருப்போமா? அவருக்கு வைத்தியம் வேண்டாம் என்றாலும் அதைச் சொல்ல வேண்டியவர் அவரே. பக்குவமாகச் சொல்லுங்கள், கூட உட்கார்ந்து சொல்லுங்கள், ஆனால் சொல்லுங்கள்.

சாப்பாட்டுப் பத்தியமும் இப்படித்தான். முட்டை கூடாது, மீன் கூடாது, கோழி கூடவே கூடாது என்று ஆளைக் கஞ்சியில் இளைக்க வைக்கிறார்கள். எடை இறங்கினால் உடம்பு வைத்தியத்தைத் தாங்காது. முட்டையும் மீனும் பருப்பும் கொடுங்கள். நாட்டு மருந்து, சூரணம் எதுவும் சாப்பிட்டால் டாக்டரிடம் ஒளிக்காதீர்கள்; சில மருந்துகளோடு அது மோதும். ரோக்கோ, சிகரெட் இன்னும் விடாதவர் இப்போது விட்டாலும் பலன் உண்டு.

பணம்? அந்தத் தம்பி வீட்டை அடகு வைத்தாவது அப்பாவைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று சொன்னேன். சிங்கப்பூரில் அரசாங்கச் சலுகைக் கட்டணமும் மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். வேலை அனுமதிச் சீட்டில் இருக்கிறவருக்கு முதலாளி எடுக்க வேண்டிய மருத்துவக் காப்புறுதி, 2023 ஜூலை முதல் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி, அந்தத் தொழிலாளிக்கு மட்டும்தான், தோட்டத்தில் இருக்கிற தகப்பனுக்கு அல்ல. ஜொகூர் பாருவில் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையில் புற்றுநோய்ப் பிரிவும் கதிர் சிகிச்சையும் இருக்கின்றன. புத்ராஜெயாவில் தேசியப் புற்றுநோய்க் கழகம் இருக்கிறது. குடியுரிமை உள்ளவர்களுக்குக் கட்டணம் அதிகமில்லை. நான் சொன்ன புதிய மருந்துகள் எல்லாம் அரசாங்க ஆஸ்பத்திரியில் கிடைத்துவிடும் என்று சொல்லமாட்டேன். கிடைக்காது. அதற்காகப் போராட வேண்டியது சங்கங்களின் வேலை, அதைச் செய்யாமல் இருப்பது நம் எல்லோருடைய குற்றம். ஆனால் ஊசிச் சோதனைக்கும் கீமோவுக்கும் கதிருக்கும் வீட்டை விற்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் சமூகநல அதிகாரியைப் பார்க்கக் கேளுங்கள். சேமநிதியில் நோய்க்கென்று பணம் எடுக்க வழி உண்டு. வேலை செய்ய முடியாமல் போனவர் 60 வயதுக்குள் மனுக் கொடுத்தால், சந்தா கணக்கைப் பார்த்து பெர்கேசோவில் இயலாமை ஓய்வூதியம் கிடைக்கலாம். பாரம் நிரப்பத் தெரியாவிட்டால் கிளைச் செயலாளரிடம் போங்கள்.

சிங்கப்பூரில் குடியிருக்கும் நம் உறவினர்களுக்கு ஒரு வார்த்தை. 2022 செப்டம்பர் முதல் மெடிஷீல்டு லைஃப் பணம் கொடுப்பது அரசாங்கப் பட்டியலில் உள்ள புற்றுநோய் மருந்துகளுக்குத்தான். மருந்து தொடங்குமுன் "இது பட்டியலில் இருக்கிறதா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள்; தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று.

அந்தத் தம்பியிடம் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் நான்கு வரி எழுதிக் கொடுத்தேன். நெறியில் ஊசி எடுத்தார்களா? எந்த நெறி? என்ன வகை, மரபணு என்ன? தீர்க்க முயல்கிறோமா, அடக்கி வைக்க முயல்கிறோமா? எல்லா எக்ஸ்ரேயையும் ஸ்கேன் தட்டையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போகச் சொன்னேன். அன்று இரவே அவன் குவீன் ஸ்திரீட்டில் 170ஆம் நம்பர் பஸ் பிடித்துத் தோட்டத்துக்குப் போய் அப்பாவிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறான். பெரியவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இத முன்னாடியே சொல்றதுக்கு என்னடா" என்றாராம். போன வாரம் ஜொகூர் பாருவில் ஊசி எடுத்தார்கள். முடிவு இன்னும் வரவில்லை.